எந்த வாயில் நல்ல வாயில்?

ஐக்கிய அமெரிக்காவுக்கும் மெக்சிக்கோவுக்கும் இடையேயுள்ள எல்லை ஏறக்குறைய 3,145 கிலோமீற்றர் நீளமுடையது. பசிபிக் சமுத்திரக் கரையிலே திஹுவானா நகருக்கு அருகில் தொடங்கும் அக்கோடு, பாலைநிலங்களைக் கடந்து எல் பாசோவை அடைந்து, அங்கிருந்து றியோ கிறாண்டே ஆற்றின் போக்கைப் பற்றிக்கொண்டு மெக்சிக்கோக் குடாவரை செல்கின்றது. 1848ஆம் ஆண்டின் உடன்படிக்கையும் 1853ஆம் ஆண்டின் நிலக் கொள்வனவும் வகுத்த கோடு அது. வடக்கே நான்கு மாநிலங்கள், தெற்கே ஆறு. இரு பக்கத்தையும் இணைக்கும் வாயில்கள் ஐம்பதளவில் உள்ளன. மோட்டார் வண்டியேறித் தெற்கே செல்லப் புறப்படும் ஒருவர் இவற்றுள் எதனைத் தேர்ந்துகொள்வது என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவோர்க்குப் பிரயாண வழிகாட்டி நூலொன்றில் அடங்கிவிடக்கூடிய சிறு விடயமாகவே தோன்றும். நான் அவ்வாறு கருதவில்லை. அவ்வினாவுக்கு விடை தேடப் புகுவோர் இரு நாடுகளின் வாணிகம், ஆயுதம், நீதி ஆகிய மூன்றையும் தொடாமல் மீள இயலாது.

வாஷிங்டனிலுள்ள இராசாங்கத் திணைக்களம் 2018ஆம் ஆண்டு ஜனவரியில் உலக நாடுகளையெல்லாம் நான்கு படிகளாக வகுத்துத் தன் பிரசைகளுக்குப் பிரயாண அறிவுரை கூறத் தொடங்கிற்று. முதலாம் படி, வழமையான கவனம் போதுமென்பது. நான்காம் படி, செல்லவே வேண்டாமென்பது. மெக்சிக்கோவைப் பொறுத்தவரை நாடு முழுவதற்கும் ஒரு படியைக் கூறுவதோடு அமையாது, மாநிலந்தோறும் வெவ்வேறு படி கூறப்பட்டது. அன்று நான்காம் படியில் வைக்கப்பட்டவை கொலீமா, கெறேறோ, மிச்சொவக்கான், சினலோவா, தமௌலீப்பாஸ் என்னும் ஐந்து மாநிலங்கள். 2022இல் சக்கத்தேக்காஸ் ஆறாவதாகச் சேர்ந்தது. 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத அறிவித்தலிலும் அந்த ஆறும் அப்படியிலேயே நின்றன. இவற்றுள் எல்லையைத் தொடுவது தமௌலீப்பாஸ் ஒன்றே. ஆனால் டெக்சாசின் தென்பகுதியிலுள்ள பாலங்கள் ஏறக்குறைய யாவும் அந்த ஒன்றிலேதான் சென்று இறங்குகின்றன. சிக்காகோவிலிருந்தோ ஹூஸ்ரனிலிருந்தோ மெக்சிக்கோ நகரை நோக்கி வருபவருக்கு இயல்பான வழி லாரேடோப் பாலத்தின் வழிதான். 1936ஆம் ஆண்டிலே பெருவிழாவாகத் திறந்துவைக்கப்பட்ட பெருந்தெருவும் அங்கிருந்தே தெற்கே செல்கின்றது. குறுகிய வழியும் கொடிய வழியும் ஒன்றாயிருப்பதே இங்குள்ள சங்கடம்.

இது தற்செயலாக நேர்ந்ததா? இல்லையென்றே சொல்லவேண்டும். இரு நாடுகளுக்குமிடையிலான தரைவழி வாணிகத்தில் லாரேடோவே முதலிடம் வகிப்பது. எண்ணிறந்த பாரவண்டிகள் நாள்தோறும் கடக்குமிடத்திற் கள்ளச் சரக்கை ஒளித்துச் செல்வதும் எளிது. ஆகையால் அப்பாலங்களுக்குச் செல்லும் தெருக்களைத் தன் ஆணையின்கீழ் வைத்திருப்பவன் பெருஞ்செல்வனாகிறான். நல்ல வாணிகனை ஈர்க்கும் அதே சிறப்பு கொள்ளையனையும் ஈர்க்கிறது. மெக்சிக்கோ இராணுவத்தின் விசேட படையிலிருந்து விலகியோடியவர்களைக் குடாக் கூட்டத்தார் கூலிக்கமர்த்தினர். அவ்வாறு தோன்றிய ‘செற்றாஸ்’ என்னும் கூட்டம் 2010இல் எசமானரோடு பகைத்துப் பிரிந்தது. அதன்பின் தமௌலீப்பாஸ் மண்ணில் நிகழ்ந்தவற்றை எழுதக் கை கூசுகின்றது. 2010 ஓகஸ்டில் சான் பெர்ணாந்தோவிலே குடிபெயர்ந்து சென்றுகொண்டிருந்த 72 பேர் ஒருசேரக் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு அதே ஊரின் சுற்றுப்புறத்துப் புதைகுழிகளிலிருந்து 193 உடல்கள் எடுக்கப்பட்டன. அவர்களிற் பலர் பெருந்தெருவில் மறிக்கப்பட்ட பஸ் வண்டிகளிலிருந்து இறக்கப்பட்டவர்கள். நுவெவோ லாரேடோவிலிருந்து மொந்தெறே வரை செல்லும் ஏறக்குறைய 220 கிலோமீற்றர்த் தெருவில் 2021ஆம் ஆண்டின் முற்பகுதியிலே பல பத்துப்பேர் தடயமின்றி மறைந்தனர். 2023 மார்ச் 3ஆம் நாள் பிறவுன்ஸ்விலிலிருந்து பாலங்கடந்து மட்டமோரோசுக்குச் சென்ற நான்கு அமெரிக்கர் பட்டப்பகலிலே கடத்தப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஒப்பனைச் சத்திரசிகிச்சைக்காக வந்தவர். நான்கு நாட்களின்பின் கண்டெடுக்கப்பட்டபோது இருவரே உயிரோடிருந்தனர். வீதியில் நின்ற மெக்சிக்கோப் பெண்ணொருத்தியும் அன்று குண்டுபட்டு மாண்டாள். அவளைப் பற்றி உலகப் பத்திரிகைகள் ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டன.

எனினும், மாநிலத்துக்கொரு படி என்னும் கணக்கு மிகவும் முரட்டுக் கணக்கு. தமௌலீப்பாசின் பரப்பு ஏறக்குறைய 80,000 சதுர கிலோமீற்றர். நம் இலங்கையிலும் பெரியது. அதன் மூலையொன்றிலே, அதே ஆற்றங்கரையில், நுவெவோ புறொகிறெசோ என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள கடைத்தெருவிற் பல்வைத்தியர்களும் மருந்துக் கடைகளும் நெருங்கியிருக்க, குளிர்காலத்தை டெக்சாசிற் கழிக்கவரும் வடபுலத்து முதியோர் பாலத்தை நடந்து கடந்து, பல்லைச் சீர்செய்துகொண்டு, மாலைக்குள் திரும்பிவிடுவர். படிக் கணக்கின்படி அவர்களும் ‘செல்லவே வேண்டாம்’ என்ற இடத்துக்கே செல்கின்றனர். ஊர்க்காரரின் பிழைப்பே அவ்வருகையில் தங்கியிருப்பதால் ஊர் அவர்களைக் காக்கிறது எனலாம். ஆனால் நடந்து சென்று நானூறு யார் தூரத்திற் பல் பிடுங்கித் திரும்புவதும், சொந்த வண்டியில் அவ்வூரைக் கடந்து தெற்கே நூறு மைல் ஓட்டுவதும் ஒன்றல்ல. நான் இங்கே பேசுவது பின்னதைப் பற்றி.

அனுபவசாலிகளான வண்டியோட்டிகள் இச்சங்கடத்துக்கு இரண்டு மாற்று வழிகளைக் கூறுவர். முதலாவது, லாரேடோவுக்கு வடமேற்கேயுள்ள கொலம்பியாப் பாலம். இதன் வரலாறு சுவையானது. நுவெவோ லியோன் மாநிலம் முன்னர் எல்லையைத் தொட்டதில்லை. கோவாவீலாவுக்கும் தமௌலீப்பாசுக்கும் பின்னே ஒதுங்கிக் கிடந்தது. ஆற்றங்கரையிலே ஒரு சிறு துண்டு தனக்கும் வேண்டுமென்று 1892இல் அதனைப் பெற்றுக்கொண்டது. ஏறக்குறைய 15 கிலோமீற்றர் நீளமுள்ள அக்கரைதான் இன்றும் அம்மாநிலத்தின் எல்லை முழுவதும். அதில் 1991இல் எழுந்தது அப்பாலம். நூறாண்டுக்கு முன் வாணிகத்துக்கென வாங்கிய துண்டு, இன்று நுவெவோ லாரேடோ நகருக்குள் நுழையாமல் தெற்கே செல்ல விரும்புவோருக்குப் புகலாய் அமைந்திருக்கின்றது. அந்நகரத்தின் நிலை எத்தகையதென்பதற்கு ஒன்று கூறினால் அமையும். 2022 மார்ச்சில் அங்கு கூட்டத்தலைவனொருவன் கைதானதும், அவனுடைய ஆட்கள் பாரவண்டிகளைத் தீயிட்டுத் தெருக்களை மறித்ததோடு, ஐக்கிய அமெரிக்கத் துணைத்தூதரகத்தின்மீதும் சுட்டனர்.

இரண்டாவது மாற்று, ஈகிள் பாஸ். சான் அன்ரோனியோவிலிருந்து நோக்கினால் லாரேடோவுக்குச் செல்லும் தூரமும் ஈகிள் பாசுக்குச் செல்லும் தூரமும் பெரிதும் வேறுபடா. பாலத்தின் மறுபுறம் பியெத்ராஸ் நெக்ராஸ், கோவாவீலா மாநிலம், அங்கிருந்து மெக்சிக்கோ நகர் வரையும் 57ஆம் இலக்கப் பெருந்தெரு. அண்மைய ஆண்டுகளிற் கொலை விகிதங் குறைந்த மாநிலங்களுள் கோவாவீலாவும் ஒன்று. ஆயினும் அப்பெருந்தெருவில் ஒரு மணிநேரம் ஓட்டுமுன் அல்லெந்தே என்னும் ஊர் வரும். 2011 மார்ச்சில் செற்றாஸ் கூட்டத்தார் அவ்வூருட் புகுந்து குடும்பங் குடும்பமாகப் பிடித்துச் சென்றனர், வீடுகளை இடித்தனர். மாண்டோரின் தொகையிற் கணக்குகள் இன்றுவரை ஒத்துவரவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் மெக்சிக்கோப் பொலிசாரோடு பகிர்ந்துகொண்ட இரகசியமொன்று கசிந்ததே அக்கொடுமைக்குக் காரணமென்று 2017இல் வெளியான பத்திரிகை ஆய்வொன்று காட்டியது. 2019 நவம்பர் 30ஆம் நாள், அதே வட்டாரத்து வில்லா யூனியன் ஊரை ஆயுதந் தாங்கிய வண்டித்தொடர் தாக்கி, இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். இவற்றைக் கூறுவது ஈகிள் பாஸ் தீயவாயில் என்று நாட்டுவதற்கன்று. இன்றைய நிலையில் எனக்குத் தேர்வு கிடைப்பின் டெக்சாஸ் வாயில்களுள் அதனையே தேர்வேன். ஒரு வாயிலின் நற்பெயர் எவ்வளவு இளையது என்பதைக் காட்டுவதற்கே கூறினேன். 2010இல் ஓராண்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கொலைகளைக் கண்டு உலகை நடுங்கவைத்த சியுதாத் ஹுவாரெஸ் பின்னர் ஓரளவு தணிந்தது. அப்போது அமைதி பெற்றுவந்த திஹுவானா 2018இல் ஏறக்குறைய 2,500 கொலைகளைக் கண்டது. நண்பர் ஐந்தாண்டுக்கு முன்னர் சென்று நலமே மீண்டார் என்பது சான்றாகாது.

அரிசோனாவிலுள்ள நொகாலெஸ் வாயிலைப் பற்றி நீண்ட காலமாக நல்லபிப்பிராயமே நிலவுகிறது. சொனோறா மாநிலத்தின் வடக்குத் தெற்காகச் செல்லும் 15ஆம் இலக்கப் பெருந்தெரு அகன்றது, வண்டிகள் நிறைந்தது. எர்மொசியோ வரை பகலில் அவ்வழியே செல்வதற்குத் தன் உத்தியோகத்தருக்கே இராசாங்கத் திணைக்களம் அனுமதியளித்து வந்திருக்கிறது. இத்தகைய அறிவித்தல்களிற் பிரசைகளுக்குக் கூறும் அறிவுரையைவிட, உத்தியோகத்தருக்கு விதிக்கும் கட்டுப்பாடே கூர்ந்து படிக்கத்தக்கது என்பது என் எண்ணம். முன்னது பொதுவாகப் பேசும். பின்னது இந்தத் தெரு, இந்த நேரம், இந்தச் சந்திக்கு அப்பாற் கூடாது என்று பெயர்சொல்லிப் பேசும்.

இவ்விடத்திற் கடதாசிகளைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். ஏனெனில் எந்த வாயிலில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதும் பாதுகாப்பின் ஒரு கூறே. எல்லையோர வலயத்தைத் தாண்டி உள்ளே செல்லும் அந்நிய வண்டிக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதி வேண்டும். அதனை வழங்குவது மெக்சிக்கோ இராணுவத்தின் வங்கியாகிய பான்ஹெர்சித்தோ. வண்டி எந்த ஆண்டினது என்பதற்கேற்ப 200 முதல் 400 டொலர் வரை பிணைப்பணம் கட்டவேண்டும். தவணைக்குள் வண்டியை மீட்டுக் கொண்டுசென்று ஒட்டுச்சீட்டை ஒப்படைத்தாற் பணம் திரும்பக் கிடைக்கும். பாஹா கலிபோர்ணியாத் தீபகற்பத்துக்கும் சொனோறாவின் வடமேற்குப் பகுதிக்கும் இவ்வனுமதி வேண்டியதில்லை. நொகாலெசில் இவ்வலுவலகம் நகர நெருக்கத்தில் இல்லாது தெற்கே 21ஆவது கிலோமீற்றரில் அமைந்திருப்பது பிரயாணிக்கு ஆறுதல். இணையவழியே முன்கூட்டிப் பெற்றுக்கொள்வது அதனினும் நன்று. ஐக்கிய அமெரிக்கக் காப்புறுதி மெக்சிக்கோவிற் செல்லாது. அந்நாட்டுக் காப்புறுதி இல்லாமல் விபத்தொன்றில் அகப்பட்டவரைப் பொறுப்பு யாருடையது என்று தெளியும்வரை தடுத்துவைக்கவுங்கூடும். இரவில் ஓட்டாதே என்னும் அறிவுரையும் கள்வரை நினைந்து மட்டும் எழுந்ததன்று. விளக்கில்லாத தெருவில் மாடு படுத்திருக்கும். ஊர்த்தொடக்கத்தில் அறிவிப்பின்றி மேடு எழும். சுங்கங் கட்டும் தெருவிலே இத்தொல்லை குறைவு. பழுதுற்று நின்ற வண்டிக்கு உதவ ‘பச்சைத் தேவதூதர்’ என்னும் அரசாங்கச் சேவை 1960 முதல் பெருந்தெருக்களில் உலாவிவருகின்றது. நாம் பொறாமைப்படத்தக்க ஏற்பாடு.

ஆனால் நொகாலெஸ் வாயில் நல்லதென்றால் அது செல்லுந் தெருவும் கடைசிவரை நல்லதென்று பொருளல்ல. அதே 15ஆம் இலக்கப் பெருந்தெரு தெற்கே இறங்கி, சினலோவாவுக்குள் நுழைந்து, குலியக்கானைத் தொட்டு மசத்லான் சேர்கின்றது. 2024 யூலையிலே சினலோவாக் கூட்டத்தின் முதுபெருந் தலைவர் ஐக்கிய அமெரிக்காவிற் கைதானதன் பின், செப்டெம்பரில் அக்கூட்டத்தின் இரு பிரிவுகளுக்கிடையே உட்போர் மூண்டது. அந்நாளிலிருந்து அப்பெருந்தெருவில் வண்டி பறித்தலும் மறித்தலும் அன்றாடச் செய்தியாயின. மசத்லான் செல்வோர்க்குக் கிழக்கேயிருந்து மலையைக் குடைந்து வரும் வேறு தெருவொன்று துறாங்கோவிலிருந்து 2013இல் திறக்கப்பட்டுள்ளது. அதனை விரும்புபவர் நொகாலெசை விட்டு டெக்சாஸ் வாயிலுக்கே செல்லவேண்டியிருக்கும். ஆகவே வாயிலை முதலிலே தேர்ந்து வழியைப் பின்னர் யோசிப்பது தலைகீழான முறை. போய்ச்சேரும் ஊர், அதற்குரிய தெரு, அத்தெருவிற் பகலுக்குள் எட்டக்கூடிய தங்குமிடம் என்று பின்னோக்கி எண்ணிவந்தால், வாயில் தானே தெரிந்துவிடும். 2019 நவம்பர் 4ஆம் நாள் சொனோறாவின் கிழக்கு மலைப்பகுதியில் மூன்று தாய்மாரும் ஆறு குழந்தைகளும் வண்டிகளில் வைத்துக் கொல்லப்பட்டார்களே, அவர்கள் இரு நாட்டுக் குடியுரிமையும் உடையவர்கள்; அம்மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சமூகத்தினர். வழி தெரியாத அந்நியரல்லர்.

வண்டியின் வகையும் ஒரு காரணமாகிறது என்பதைப் பலர் எண்ணுவதில்லை. 2024 ஏப்ரிலில் என்செனாடாவுக்குத் தெற்கே அலைச்சறுக்கு விளையாடச் சென்ற மூன்று இளைஞர், இருவர் அவுஸ்திரேலியர், ஒருவர் அமெரிக்கர், தம் பாரவண்டியின் சில்லுகளுக்காகக் கொல்லப்பட்டதாக விசாரணையாளர் கூறினர். 2011 பெப்ரவரியிற் சான் லூயிஸ் பொத்தோசி அருகே, கவசமிட்ட பெருவண்டியிற் சென்ற ஐக்கிய அமெரிக்க அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரே சுட்டுக்கொல்லப்பட்டார். வண்டியிலே இராசதந்திர இலக்கத்தகடு இருந்தது. பழைய சிறு வண்டி இவ்வகையிற் காப்புறுதியிலும் மேலானது.

துப்பாக்கியைப் பற்றிப் பேசாது இவ்விடயம் முற்றாது. மெக்சிக்கோவுக்குள் ஆயுதமோ வெடியுறையோ கொண்டுசெல்வது பெருங்குற்றம். சான் இசீட்றோ வாயிலில், நாளொன்றுக்கு ஏறக்குறைய 70,000 வாகனப் பிரயாணிகளும் 20,000 பாதசாரிகளும் வடக்கு நோக்கிக் கடக்கும் அப்பெருவாயிலில், தெற்கே திரும்பும் வழியிற் புகுந்துவிட்டால் மீள்வதற்கு இடமில்லை. 2014 மார்ச் 31ஆம் நாள், மரைன் படையிற் பணியாற்றிய அமெரிக்க இளைஞரொருவர் வழி தவறிப் புகுந்ததாகக் கூறினார். வண்டியில் மூன்று துப்பாக்கிகள் இருந்தன. ஏழு மாதம் சிறையிலிருந்தார். ஆனால் மறுபக்கத்தையும் நோக்குக. மெக்சிக்கோவிலே கைப்பற்றப்பட்டு மூலம் ஆராயப்பட்ட துப்பாக்கிகளிற் பெரும்பாலானவை ஐக்கிய அமெரிக்காவிலிருந்து வந்தவையே. அவை வானத்திலிருந்து விழவில்லை. தெற்கே செல்லும் இதே வாயில்கள் வழியாகத்தான் சென்றன. துப்பாக்கி செய்வோரைப் பொறுப்பாக்கவேண்டுமென்று மெக்சிக்கோ அரசாங்கம் 2021இல் தொடுத்த வழக்கை ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 2025 யூனில் ஏகமனதாக மறுத்தது. 2018 முதல் 2024 வரை ஒவ்வோராண்டும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கொலையுண்ட நாட்டைப் பார்த்து, அங்கே செல்லாதே என்று அறிவுறுத்துவது எளிது. அக்கொலைக் கருவி எங்கிருந்து புறப்படுகிறது என்பதற்குப் படி வகுப்பார் எவருமில்லை.

எந்த வாயில் நல்லது என்று ஆறுதலாக அமர்ந்து ஆராயும் வசதி எல்லோருக்கும் இல்லை. ஒவ்வொரு டிசெம்பரிலும் வண்டிகளின்மேற் பொதிகளைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பும் மெக்சிக்கோத் தொழிலாளர்களே இவ்வெல்லையைத் தெற்குநோக்கிக் கடப்போருட் பெருந்தொகையினர். ‘பைசானோ’ என்பர் அவர்களை. ‘நம்மூரவன்’ என்பது பொருள். அவர்களிடம் பணம் பறிப்போர் கொள்ளையர் மட்டுமன்று, சீருடையினரும் உண்டு என்ற முறைப்பாட்டின் பேரிலேயே மெக்சிக்கோ அரசாங்கம் 1989இல் அவர்களுக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பலர் லாரேடோவில் ஒன்றுகூடி, விடியற்காலையிலே தொடராகப் புறப்படுகின்றனர். தாயின் வீடு தமௌலீப்பாசுக்கு அப்பால் இருக்கும்போது, அரிசோனா வழியாகச் சுற்றிவா என்று அவர்களுக்கு அறிவுரை கூறுவார் யார்? விடுமுறை பத்து நாள்.

அவர்களிலும் தேர்வு குறைந்தவர்கள் உண்டு. 2019 ஜனவரியில் வாஷிங்டன் அரசாங்கம், தஞ்சங் கோரி வந்தோரை வழக்கு முடியும்வரை மெக்சிக்கோவிலேயே காத்திருக்கச் சொல்லித் திருப்பியனுப்பும் திட்டமொன்றைத் தொடங்கிற்று. அவ்வாண்டு யூலையில் அது நுவெவோ லாரேடோவுக்கும் மட்டமோரோசுக்கும் விரிந்தது. தன் பிரசை கால்வைக்கலாகாது என்று நான்காம் படியில் வைத்த மாநிலத்துக்கே பிறநாட்டுத் தாயையும் பிள்ளையையும் அதே அரசாங்கம் பாலத்தின் வழியே நடத்தி அனுப்பியது. இவ்வாறு அனுப்பப்பட்டோர்மீது நிகழ்ந்த கொலை, கடத்தல், வன்புணர்ச்சி முதலியவற்றை ‘ஹியூமன் றைற்ஸ் பெர்ஸ்ற்’ என்னும் அமைப்பு தொகுத்தபோது, 2021 தொடக்கத்தில் அவை 1,500ஐத் தாண்டியிருந்தன. ஒரு திணைக்களத்தின் அறிவித்தலை மற்றத் திணைக்களம் படிக்கவில்லை என்று நம்புவதற்கில்லை.

நம்மவரும் இவ்வெல்லையில் இல்லாமலில்லை. 2017 பெப்ரவரியில் சான் இசீட்றோ வாயிலுக்கு அண்மையில், கோட்டுக்கு 25 யார் வடக்கே பிடிபட்ட இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கு ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம்வரை சென்றது. தம்மை வண்டியிற் கடத்திச்சென்று தாக்கினர் என்பது அவர் கூறிய காரணம். தஞ்ச மறுப்பை நீதிமன்றத்தில் மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமை அவருக்கில்லையென 2020 யூனிலே ஏழு நீதியரசர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாகத் தீர்ப்பு வந்தது.

வாயில்களைப் பற்றி இன்னுமொன்று. தெற்கேயுள்ள கூட்டத்தாரை அஞ்சி வாயிலைத் தேர்பவர், வடக்கேயுள்ள அரசாங்கமும் அதனை மூடக்கூடும் என்பதை மறக்கலாகாது. அரிசோனாவில் லூக்வில் என்னும் சிறுவாயில், புவெர்த்தோ பெனியாஸ்கோக் கடற்கரைக்கு ஓய்வுக்குச் செல்லும் குடும்பங்கள் விரும்புவது. கடற்கரை அங்கிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீற்றர்தான். வண்டிக்கு இறக்குமதி அனுமதியும் வேண்டா. குடிபெயர்வோர் பெருகிவிட்டனர், உத்தியோகத்தர் போதாது என்று கூறி 2023 டிசெம்பர் 4ஆம் நாள் அதனை மூடினர். ஈகிள் பாசின் பாலங்களிலொன்று அதற்கு ஒரு வாரம் முன்னரே வண்டிகளுக்கு அடைபட்டிருந்தது. நத்தார் விடுமுறைக்குக் கடற்கரை சென்றவர்கள் கிழக்கே நொகாலெசையோ மேற்கே சான் லூயிசையோ நாடிப் பல மணிநேரம் மேலதிகமாக ஓட்டினர். அவ்விரு வழிகளிலும் பாலைநிலத் தெருவிற் பொழுது சாய்ந்துவிடும். 2024 ஜனவரி 4ஆம் நாள் இரண்டும் மீளத் திறக்கப்பட்டன. லூக்வில் வாயில் காலை 6 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்கு அடைக்கப்படுவது. பிந்தி வருபவர் சொனோயிற்றாவிலே இரவைக் கழிக்க இடந் தேடவேண்டும்.